மருத்துவ விகுதிகளை எப்படிப் படிப்பது? தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்காக நான்கு வழிகளின் ஒப்பீடு

என் அண்ணன் மகள் பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். போன வருடம் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள். சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் என் வீட்டுக்கு வந்து பையைத் தரையில் கவிழ்த்தாள். இருநூறு விகுதிகள், அதாவது மருத்துவ ஆங்கிலச் சொற்களின் கடைசித் துண்டுகள், போட்ட ஒரு ஜெராக்ஸ் கட்டு, சீனியர் அக்கா வார்டில் எழுதிவைத்த பழைய நோட்டு, தமிழ்க் கலைச்சொற்கள் இருந்த சில தாள்கள். போதாததற்குப் போனில் ஒரு ஆப் வேறு. "அத்தை, இதுல எதை வச்சுப் படிக்கட்டும்? எல்லாத்தையும் எடுத்தா ஒண்ணும் மண்டையில நிக்காது" என்றாள்.

நான் லேப் டெக்னீசியன். 22 வருடமாக இந்தச் சொற்களோடுதான் என் பிழைப்பு. பென்னாகரம், காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது இதே கேள்வியோடு வருகிறார்கள். தருமபுரியில் 2008இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. கிருஷ்ணகிரியில் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதனால் வீட்டில் யாருமே மருத்துவம் படிக்காத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். பார்க்கவே நிறைவாக இருக்கிறது. உடம்பைப் பற்றி அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. கணையம் எங்கே இருக்கிறது, மண்ணீரல் என்ன செய்கிறது என்று தமிழில் கேட்டால் பளிச்சென்று சொல்கிறார்கள். அதையே ஆங்கிலத்தில் நீளமான சொல்லாகக் கேட்டால்தான் முகம் சுருங்கிப்போகிறது. பயம் வந்துவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும்.

அந்தப் பயத்தைக் குறைக்க விகுதிகள்தான் சரியான இடம். ஏன் என்பதற்கு நம் ஊர்ப் பேச்சிலேயே சான்று இருக்கிறது. "அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணணும்னு சொல்லிட்டாங்க" என்று பாதிச் சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். ஆஞ்சியோ என்ற பாதி இரத்தக்குழாய் என்பதை மட்டும்தான் சொல்கிறது. என்ன செய்யப்போகிறார்கள் என்பது மீதிப் பாதியில் இருக்கிறது. ஆஞ்சியோகிராம் என்றால் குழாய்க்குள் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் அடைப்பைப் பலூனால் விரித்து வழி உண்டாக்குவார்கள், பெரும்பாலும் ஸ்டென்டும் வைப்பார்கள். கிராம் என்பது பதிவு, பிளாஸ்டி என்பது சீரமைப்பு. எங்கள் உறவில் ஒரு குடும்பம் படம் எடுக்க மட்டும் என்று நினைத்து அதற்கான பணத்தை மட்டும் புரட்டிக்கொண்டு சேலம் போய், கவுன்டரில் நின்று திகைத்தது எனக்கு மறக்கவே இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சொல்லின் கடைசித் துண்டு.

இனி அந்த நாலு வழிகள்.

ஜெராக்ஸ் கட்டை முதலில் எடுத்தோம். அகர வரிசையில் விகுதி ஒரு பக்கம், ஆங்கிலப் பொருள் மறுபக்கம். மலிவானது, எங்கும் கிடைப்பது, இன்டர்னல் தேர்வுக்கு முந்தின இரவு கைகொடுப்பது. இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நானும் இப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அகர வரிசை என்பது தேடுவதற்கான வரிசை. படிப்பதற்கு அது உதவாது. எக்டமி ஓரிடத்தில் இருக்கும், ஸ்டமி நாலு பக்கம் தள்ளி இருக்கும், டமி அதற்கும் கீழே இருக்கும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும். எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. கர்ப்பப்பையை எடுத்தால் ஹிஸ்டரெக்டமி. டமி என்றால் வெட்டித் திறப்பது மட்டும். வயிற்றைத் திறந்தால் லாப்பராட்டமி. ஸ்டமி என்றால் வெட்டிய இடத்தில் ஒரு வாய் வைத்துவிடுவது. கிரேக்க மொழியில் ஸ்டோமா என்றால் வாய். பெருங்குடலை வயிற்றின் தோலோடு சேர்த்து வழி வைத்தால் கோலாஸ்டமி. எடுத்தது, திறந்தது, வாய் வைத்தது என்று மூன்று வினையாகச் சொன்னதும் அவளுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. அனாட்டமி என்று அவள் தினமும் உச்சரிக்கும் பாடத்தின் பெயரே வெட்டிப் பார்ப்பது என்ற பொருளில்தான் பிறந்தது என்றதும் கண் அகலமானது.

பட்டியலுக்கு இன்னொரு குறை உண்டு. அது விதியைச் சொல்லும், விலக்கைச் சொல்லாது. ஓமா என்றால் கட்டி என்று ஒரே வரியில் போட்டிருக்கும். லைப்போமா கொழுப்புக் கட்டி, லிம்ஃபோமா நிணநீர் மண்டலத்தில் வரும் புற்று, சரி. ஹீமட்டோமா என்பது இரத்தம் கசிந்து தேங்கிய கட்டு; அது புற்றும் இல்லை, வளர்கிற கட்டியும் இல்லை. கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது. அது கண்ணின் நரம்பைக் கெடுக்கும் நோய், பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது. கோமாவில் இருப்பது ஓமா விகுதியே கிடையாது, ஆழ்ந்த உறக்கம் என்ற தனிச் சொல். பட்டியலை மட்டும் நம்பிய பிள்ளை ஹீமட்டோமா என்று கேஸ் ஷீட்டில் பார்த்துவிட்டு, நோயாளியின் மனைவியிடம் "கட்டி இருக்காம்" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்று இரவு சோறு இறங்குமா?

அடுத்து ஆப். இதைப் பற்றி நான் நினைத்ததைவிட நல்லதாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படித்தது மறந்துபோகும் வேகத்தை ஜெர்மானியர் எப்பிங்ஹவுஸ் 1885இலேயே தம்மீது சோதித்து எழுதிவைத்தார். மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி கேட்டால் நினைவு உறுதிப்படும் என்பதை இந்த ஆப்கள் கணக்குப் போட்டுச் செய்கின்றன. இன்று தெரிந்த அட்டை மூன்று நாள் கழித்து வரும், பிறகு ஒரு வாரம் கழித்து வரும், தெரியாதது நாளைக்கே வரும். பேருந்தில் ஒரு மணி நேரம் போய்வரும் பிள்ளைக்கு இது பெரிய வசதி.

சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான அட்டைத் தொகுப்புகள் ஆங்கிலத்துக்கு ஆங்கிலம். ஐட்டிஸ் என்று கேட்கும், இன்ஃப்ளமேஷன் என்று விடை காட்டும். இவளுக்கு இன்ஃப்ளமேஷனும் புதுச்சொல். பூட்டுக்கு இன்னொரு பூட்டைச் சாவியாகக் கொடுத்த மாதிரி. பொருள் புரியாமலே சரி என்று தட்டித் தட்டி, ஆப் "தேர்ந்துவிட்டாய்" என்கிறது. நான் கேட்டேன்: "ஐட்டிஸ்னா என்ன கண்ணு?" "இன்ஃப்ளமேஷன் அத்தை." "அப்படின்னா?" பதில் இல்லை. வாயில் சொல் இருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை.

இந்தக் குறைக்கு எளிய மாற்று உண்டு. அட்டையை நாமே செய்துகொள்வது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் கெட்டியாக, வெறுமையாக இருக்கும். ஒரு பத்திரிகையில் நாலு அட்டை வெட்டலாம். ஒரு பக்கம் ஆங்கில எழுத்தில் விகுதி, மறுபக்கம் தமிழில் பொருளும் ஓர் எடுத்துக்காட்டும். பழைய செருப்பு டப்பாவை மூன்று அறையாகத் தடுத்தால் தினசரி, வாரம் இருமுறை, வாரம் ஒருமுறை என்று ஆப் செய்கிற வேலையைக் கையாலேயே செய்துவிடலாம். எழுதும்போதே பாதி படித்ததாகிவிடும் என்பது நான் நேரில் கண்டது.

சீனியர் அக்காவின் நோட்டு மூன்றாவது. அதுதான் வார்டு வழி. பட்டியல், ஆப் எதுவும் இல்லாமல் எதிரில் வரும் சொல்லை அன்றன்றைக்குக் கற்பது. இதன் பலத்துக்கு ஈடே கிடையாது. ஒரு சொல்லோடு ஒரு முகம் சேர்ந்துவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. மழை முடிந்து டெங்கு வரும் மாதங்களில் எங்கள் லேப்பில் த்ராம்போசைட்டோபீனியா என்ற சொல்லை எழுதாத நாள் இருக்காது. தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அந்தப் பெயர். பீனியா என்றால் கிரேக்கத்தில் வறுமை. தட்டணு வறுமை என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்த பையன், வெள்ளையணு குறைந்த ரிப்போர்ட் வந்தபோது தானாகவே லுக்கோபீனியா என்று எழுதினான். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் வார்டு தன் போக்கில்தான் கற்றுத்தரும். எலும்பு வார்டில் மூன்று மாதம் போட்டால் மூட்டுக்குள் கருவியால் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பி தெரியும், சிறுநீரைப் பற்றிய யூரியா விகுதிச் சொற்கள் ஒன்றுகூடத் தெரியாது. முதல் வருடத்தில் வார்டுக்கே அதிகம் விடமாட்டார்கள். சீனியர் தவறாகப் புரிந்து எழுதிவைத்ததும் அப்படியே கைமாறும். அந்த நோட்டில் டயாபட்டிஸ் என்பதை ஐட்டிஸ் குடும்பத்தில் சேர்த்து "அழற்சி" என்று எழுதியிருந்தது. காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆங்கில எழுத்தில் அதன் கடைசி இ, டி, இ, எஸ். ஐட்டிஸின் கடைசி ஐ, டி, ஐ, எஸ். டயாபட்டிஸ் என்றால் ஊடாகப் பாய்ந்து போவது; ஓயாமல் சிறுநீர் போவதைப் பார்த்து வைத்த பெயர். பிழையான நோட்டை எழுதியவரைத் திட்டவும் முடியாது. சரியாகச் சொல்லிக்கொடுக்க அன்று அவருக்கும் யாரும் கிடைத்திருக்கமாட்டார்கள்.

நான்காவது வழி தமிழ். இதைச் சொன்னாலே சிலர் கையை உதறுகிறார்கள். "பரீட்சை இங்கிலீஷ்ல, கேஸ் ஷீட் இங்கிலீஷ்ல, தமிழ்ல படிச்சு என்ன பண்றது?" நியாயமான கேள்வி. தமிழ்க் கலைச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வில் கைகொடுக்காது, ஓர் இடத்தில் ஒரு சொல்லும் இன்னோர் இடத்தில் வேறு சொல்லும் வழங்கும் குழப்பமும் உண்டு. அகநோக்கி என்று ஒருவரும் உள்நோக்கி என்று இன்னொருவரும் எழுதுவார்கள், வார்டில் இருவரும் எண்டோஸ்கோப் என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

இருந்தும் நான் தமிழின் பக்கம்தான் நிற்கிறேன். கலைச்சொல்லுக்காக அல்லாமல் பொருளுக்காக. அழற்சி என்ற சொல்லைப் பாருங்கள். அழல் என்றால் தீ. ஆங்கிலத்தின் இன்ஃப்ளமேஷனுக்குள்ளும் இலத்தீனின் தீச்சுடர்தான் இருக்கிறது. செல்சஸ் என்ற பழைய ரோமானியர் அழற்சிக்கு நான்கு அடையாளம் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. கையில் முள் குத்திப் பழுத்துப்போன எந்தக் குழந்தைக்கும் இந்த நான்கும் தெரியும். ஐட்டிஸ் என்றால் அழற்சி, அழற்சி என்றால் அந்த உறுப்பு தீயாய்க் காந்துவது என்று சொன்னபிறகு, கேஸ்ட்ரைட்டிஸ், டான்சிலைட்டிஸ், அப்பண்டிசைட்டிஸ் மூன்றையும் அவளே பொருள் பிரித்தாள். நம் ஊரில் "அப்பண்டிஸ் ஆபரேஷன்" என்போம். அப்பண்டிசைட்டிஸ் என்பது நோய், அப்பண்டிசெக்டமி என்பது ஆபரேஷன் என்று அவளாகவே பிரித்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற சந்தேகமும் தேவையில்லை. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான சொற்களையும் உருவாக்கினார். அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் வைத்தியத்திலும் நோய்ப்பெயர்களுக்கு ஈற்றுச் சொல் உண்டு. பக்கவாதம், முடக்குவாதம், கீல்வாதம். முன்னால் எதுவென்று மாறும், பின்னால் வாதம் நிற்கும். ஒரு பாட்டிக்குத் தெரிந்த முறைதான் இது.

வேலைக்குப் போனபிறகு தமிழ் இன்னும் அவசியமாகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிற செவிலியர், அந்தத் தாத்தாவிடம் ஹைப்பர்கிளைசீமியா என்று சொல்ல முடியாது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். ஈமியா என்றால் இரத்தத்தில் என்று தமிழில் பதிந்தவளுக்கு அந்த வாக்கியம் தானாக வரும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாலு வழிகளுக்கும் அடியில் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதைத் தமிழ்வழிப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். பகுபத உறுப்பிலக்கணம்.

வந்தனன் என்பதைப் பிரித்து எழுது என்று கேட்பார்கள். வா பகுதி, அது வ எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இன்னோர் அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. பத்தாம் வகுப்பில் இதை அசராமல் எழுதியவளுக்குக் கேஸ்ட்ரோஸ்கோப்பி ஒரு பொருட்டா? கேஸ்ட்ர் பகுதி, இரைப்பை. ஓ சாரியை. ஸ்கோப்பி விகுதி, கருவியால் உள்ளே பார்ப்பது. ஆங்கிலப் புத்தகங்கள் அந்த ஓவை இணைப்பு உயிர் என்று தனி அத்தியாயம் போட்டு விளக்குகின்றன. நமக்கு அது சாரியை மாதிரி, பகுதியையும் விகுதியையும் ஒட்டவைக்க வரும் சொல்லுறுப்பு. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த ஓ விழுந்துவிடும். அதனால்தான் கேஸ்ட்ரோ ஐட்டிஸ் என்று வராமல் கேஸ்ட்ரைட்டிஸ் என்று வருகிறது. உயிர் முன் உயிர் வந்தால் ஏதாவது நடக்கும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய சங்கதியா?

இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழ் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிற மொழி. மரத்தில், மரத்தை, மரத்துக்கு, மரத்திலிருந்து. மரம் அப்படியே இருக்கும், ஏறினாயா, வெட்டினாயா, தண்ணீர் ஊற்றினாயா, விழுந்தாயா என்பதைக் கடைசித் துண்டுதான் தீர்மானிக்கும். ஹெபட்டைட்டிஸ், ஹெபட்டோமெகலி, ஹெபட்டெக்டமி என்னும்போதும் கல்லீரல் அப்படியே இருக்கிறது. காந்துகிறதா, பெருத்திருக்கிறதா, வெட்டி எடுத்தார்களா என்பது ஈற்றில் இருக்கிறது. சொல்லின் கடைசியைக் கவனித்துப் பழகிய காது நமக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. அந்தக் காதோடு வந்த பிள்ளையை "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று பின்வரிசையில் உட்காரவைப்பதைக் கேள்விப்படும்போது எனக்கு மனசு கொதிக்கிறது.

ஆகவே என் தேர்வு இதுதான். முதல் இரண்டு மாதம் பகுபதப் பிரிப்பும் தமிழ்ப் பொருளும், கல்யாணப் பத்திரிகை அட்டையில். ஒரு நாளைக்கு ஐந்து அட்டைக்கு மேல் வேண்டாம். அகர வரிசையை விட்டுக் குடும்ப வரிசையில் போகவேண்டும். வார்டுக்கு விட ஆரம்பித்ததும் நோட்டில் அன்று பார்த்த சொற்களைப் பிரித்து எழுதவேண்டும். ஜெராக்ஸ் கட்டைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் எடுத்து, தெரியாதது எது என்று சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆப் வேண்டுமென்றால் தமிழ்ப் பொருளை நாமே ஏற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் குடும்பத்தில் தொடங்குவது? நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஓசிஸில் தொடங்குவதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஓசிஸ் என்றால் ஒரு கோளாறான நிலை. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் பழுப்புக் கறை, முற்றினால் எலும்பிலும் இறுக்கம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கறைபடிந்த அந்தப் பல் சிவந்து வீங்கியா இருக்கிறது? இல்லை. எனவே ஐட்டிஸ் போடாமல் ஓசிஸ் போட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்குவாரியில் மாவாய்ப் பறக்கும் தூசியை வருடக்கணக்காகச் சுவாசித்தவருக்கு வருவது சிலிக்கோசிஸ். காசநோயின் டியூபர்குலோசிஸிலும் அதே ஈறு. பெற்றவர்களும் ஊர்க்காரர்களும் பட்ட துன்பத்தின் பெயர்கள் இவை. ஒருமுறை விளங்கிவிட்டால் மறக்கமாட்டார்கள். ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும்: இரத்த அணுக்களோடு சேர்ந்தால் ஓசிஸ் பெருக்கத்தைக் குறிக்கும். லுக்கோசைட்டோசிஸ் என்றால் வெள்ளையணு கூடியிருக்கிறது.

அடுத்தது இரத்தமும் சிறுநீரும், அதாவது ஈமியாவும் யூரியாவும். அனீமியா இரத்தசோகை, ஹைப்பர்கேலீமியா இரத்தத்தில் பொட்டாசியம் கூடுதல், ஹைப்போநேட்ரீமியா சோடியம் குறைவு. பொட்டாசியத்துக்குக் கே, சோடியத்துக்கு என்ஏ என்று வேதியியலில் ஏன் போட்டார்கள் என்று குழம்பியவர்களுக்குக் கேலியம், நேட்ரியம் என்ற பழைய இலத்தீன் பெயர்கள் இங்கே வந்து கணக்கைத் தீர்க்கின்றன.

அறுவைகளில் எக்டமி, டமி, ஸ்டமி, பிளாஸ்டி தவிர ராஃபி ஒன்றையும் சேர்க்கவேண்டும். ராஃபி என்றால் தையல். ஹெர்னியாவைத் தைத்து மூடினால் ஹெர்னியோராஃபி, வலை வைத்துச் சீராக்கினால் ஹெர்னியோபிளாஸ்டி. சிறுநீரகக் கல்லை உடைத்துத் தூளாக்குவது லித்தோட்ரிப்சி. லித்தோ கல், ட்ரிப்சி நொறுக்குவது.

இனி தமிழ்வழிக்கே உரிய ஒரு பள்ளத்தைச் சொல்லவேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் சில விகுதிகள் ஒன்றுபோலவே ஆகிவிடும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு யூரியா என்றால் மூட்டை. லேப்பில் பிளட் யூரியா என்றால் இரத்தத்தில் உள்ள அதே சேர்மம். ஹீமட்யூரியாவில் உள்ள யூரியா வேறு; சிறுநீரில் இரத்தம் என்று பொருள். முதலிரண்டின் ஆங்கில முடிவு இ, ஏ. விகுதியின் முடிவு ஐ, ஏ. இதேபோல பீனியாவும் ப்னியாவும். பீனியா வறுமை என்று பார்த்தோம். ப்னியா மூச்சு, டிஸ்ப்னியா மூச்சுத்திணறல், ஆப்னியா மூச்சே நிற்பது. மூச்சு நின்றவரை அணு குறைந்தவர் என்று படித்துவிட்டால் என்ன ஆவது? எனவே அட்டையின் முன்பக்கம் ஆங்கில எழுத்து கட்டாயம். தமிழ் எழுத்து மறுபக்கத்தில் மட்டும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது ஃபேஜியா, ஃபேசியா இரட்டைக்குத்தான். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம். டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் சிரமம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டும் வரலாம். பேசச் சிரமப்படுபவருக்குப் பொறுமையும் சைகையும் போதும். விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கேட்காமல் ஒரு வாய் கஞ்சி கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். இந்த இரண்டு அட்டைகளையும் சிவப்பு மையில் எழுதச் சொன்னேன்.

விகுதி எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். ஹைப்போவா (குறைவு) ஹைப்பரா (கூடுதல்) என்பது சொல்லின் தலையில் இருக்கிறது. சர்க்கரை குறைந்து மயங்கியவருக்கும் சர்க்கரை ஏறிப்போனவருக்கும் கிளைசீமியா ஒன்றுதான். அதனால் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்கி, முதலுக்குப் போய், பிறகு நடுவுக்கு வரச் சொல்கிறேன். என்ன நிலை, எவ்வளவு, எதில்.

எம்.பி.பி.எஸ். சேர்கிற பிள்ளைகளுக்குப் பாட வேகம் அதிகம்; அவர்கள் ஆப்பை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. என்னைப்போல லேப் வேலைக்கான டி.எம்.எல்.டி. டிப்ளமா படிப்பவர்கள் ஈமியா, பீனியா, சைட்டோசிஸ், யூரியா நான்கையும் முதலில் முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அட்டையின் பின்பக்கம் தங்கள் வீட்டு மொழியில் பொருளை எழுதிக்கொள்ளட்டும். நமக்குப் பொருள்தான் வேண்டும்.

போன வாரம் வந்தபோது அவளுடைய செருப்பு டப்பாவைப் பார்த்தேன். மூன்றாம் அறை நிரம்பியிருந்தது. புதிதாக எழுதிய அட்டை ஸ்பிளீனோமெகலி. பின்பக்கம் "ஸ்பிளீன் பகுதி, ஓ சாரியை, மெகலி விகுதி" என்று எழுதி, அதன் கீழே "மண்ணீரல் வீக்கம்" என்று எழுதியிருந்தாள். பிறகு வீக்கத்தை அடித்துவிட்டுப் "பெருத்தல்" என்று மாற்றியிருந்தாள். ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "வீக்கம்னு போட்டா ஐட்டிஸ் மாதிரி ஆயிடுது அத்தை. இங்க சூடு இல்ல, செவப்பு இல்ல, அளவு மட்டும்தான் கூடியிருக்கு" என்றாள்.